காலைக் காபியை விட்டுவிட்டு தினமும் மட்சா குடிக்கலாமா? பழகியவர்கள் சொல்லுங்கள்

யோடோகரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. வயது 34, சைவம். ஊரில் இருந்தபோதே ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் காபி, இங்கே வந்த பிறகு அது நான்காகிவிட்டது, ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பது வழக்கமாகிப் போனது. மார்ச் மாதம் என் பக்கத்து மேசையில் இருந்த ஜப்பானிய அக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, நாற்பது கிராம் மட்சா, அதாவது பொடியாக அரைத்த ஜப்பானிய கிரீன் டீ, டப்பா, ஒரு கிண்ணம், மூங்கிலில் செய்த அந்தச் சின்ன மத்து, மூன்றையும் ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் ஒரு கிண்ணம் குடி, மனசு அடங்கும் என்றார். அவர் கொடுத்த விதம் எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது, அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஆசை.

இரண்டு வாரமாகக் குடிக்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, வேறு எதுவும் சாப்பிடாமல், கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் ஊற்றிக் கலக்கிக் குடிக்கிறேன். கசப்பு தாங்க முடியவில்லை, கட்டி கட்டியாக நிற்கிறது, அரை மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் ஒன்று, காபி குடித்தால் வருகிற அந்தப் படபடப்பு இல்லை. பத்து மணி வரை தலை தெளிவாக இருக்கிறது. அது நிஜமா, நான் நினைத்துக்கொள்வதா தெரியவில்லை.

இதற்கு நடுவில் கம்பெனியில் வருடா வருடம் எடுக்கிற உடல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்து, டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை உணவு முடிந்ததும் போடுகிறேன். இணையத்தில் தேடினால் மட்சா எடையைக் குறைக்கும், புற்றுநோயைத் தடுக்கும், சாதாரண கிரீன் டீயைவிட 137 மடங்கு சத்து என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எது உண்மை? எப்போது குடிப்பது, பால் சேர்க்கலாமா, கடையில் "செரிமோனியல்" என்று போட்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே, அதைத்தான் வாங்க வேண்டுமா?

உஜிப்பாலம் எழுதியது:

சகோதரி, முதலில் அந்தக் கொதிக்கிற தண்ணீரை விடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. நான் தேயிலைக்குப் பேர்போன உஜி பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், ஆறு வருடமாக வாரம் ஒருநாள் ஒரு வயதான அம்மாவிடம் தேநீர் முறை கற்றுக்கொள்கிறேன், இதை இங்கே ஒகேய்கோ என்பார்கள். இன்னும் மாணவன்தான், ஆனால் தினசரி ஒரு கிண்ணம் எப்படி என்பதைச் சொல்லலாம்.

தண்ணீர் எழுபதிலிருந்து எண்பது டிகிரி. வெப்பமானி தேவையில்லை, கொதித்த தண்ணீரை முதலில் காலிக் கிண்ணத்தில் ஊற்றி, மத்தின் நுனியை அதில் நனைத்து வையுங்கள். கிண்ணமும் சூடாகும், மூங்கிலும் இளகும், காய்ந்த மத்தை அப்படியே போட்டு அடித்தால் பல் முறியும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, இரண்டு கிராம் பொடியைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள். தயவுசெய்து சலியுங்கள், கட்டி நிற்பதற்கு அது ஒன்றே மருந்து. அதற்குள் கெட்டிலில் இருக்கிற தண்ணீர் ஆறியிருக்கும், இல்லையென்றால் வேறு டம்ளரில் ஒரு முறை மாற்றி ஊற்றுங்கள். அறுபது, எழுபது மில்லிதான், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக வேகமாக அடிக்க வேண்டும். நம் வீட்டில் மோர் கடைவது போல உருட்டக் கூடாது, சுற்றியும் கலக்கக் கூடாது. மத்து அடித்தட்டை அழுத்தாமல் நின்றால் இருபது நொடியில் நுரை வந்துவிடும். தேநீர் முறையில் பல பள்ளிகள் உண்டு: உராசென்கே முறையில் மேலே முழுக்க நுரை நிற்க வேண்டும், ஒமோதெசென்கே முறையில் நுரையைக் குறைவாகத்தான் விடுவார்கள், அதனால் உங்கள் கிண்ணத்தில் நுரை முழுதாக மூடவில்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

வயிற்றைப் புரட்டுவதற்குக் காரணம் வெறும் வயிறு. இதைத் தேநீர் அறையில் என்றைக்கோ தீர்த்து வைத்திருக்கிறார்கள்: கிண்ணம் வருவதற்கு முன்னால் இனிப்பு வந்துவிடும், அதைத் தின்று முடித்த பிறகுதான் தேநீர். கெட்டியான கொய்சா கொடுக்கிற முழு விருந்தில் அதற்கும் முன்னால் சாப்பாடே போடுவார்கள். அந்த இனிப்பு வெறும் அலங்காரத்துக்கு என்று நான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. நாக்கில் இனிப்பு நிற்கும்போது மட்சாவின் கசப்பு கசப்பாகவே தெரியாது, வயிறும் காலியாக இருக்காது.

ஏன் காபி மாதிரி படபடப்பு இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் நேரம் கிடைத்தால் கெய்ஹான் ரயில் பிடித்து உஜிக்கு வாருங்கள், கண்ணாலேயே பார்க்கலாம். ஏப்ரல் கடைசி, தோட்டத்துக்கு மேல் கறுப்புத் துணி ஏறிவிட்டது. பறிப்பதற்கு மூன்று வாரம், சில தோட்டங்களில் நான்கு வாரம் முன்னாலேயே செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். பழைய முறையில் நாணல் தட்டி கட்டி அதன் மேல் வைக்கோல் பரப்புவார்கள், அது இப்போது மிகச் சில இடங்களில்தான் மிச்சமிருக்கிறது. வெயில் பட்டால் இலையில் இருக்கிற, படபடப்பைக் குறைக்கும் என்று சொல்கிற தியானின் என்ற பொருள் கேட்டச்சினாக மாறும், அதாவது துவர்ப்பாக மாறும். வெயிலை மறைத்தால் தியானின் அப்படியே தங்கிவிடுகிறது, பச்சையமும் கூடுகிறது. அந்தக் கரும்பச்சையும், கொஞ்சம் பருப்புத் தண்ணீர் போல நாக்கில் நிற்கிற சுவையும் இந்த நிழலில் வந்தவைதான். பறித்ததை ஆவியில் காட்டி, உருட்டாமல் காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கினால் கிடைப்பது தென்சா. அதைக் கல் திருகையில் அரைத்தால் மட்சா. ஒரு திருகை ஒரு மணி நேரத்துக்கு நாற்பது கிராம் தந்தால் அதிகம். உங்கள் கையில் இருக்கிற அந்த ஒரு டப்பாவுக்கு ஒரு கல் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறது. கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும்.

"செரிமோனியல்" என்ற தரத்துக்கு ஜப்பானில் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இங்கே கடைக்காரர்கள் கேட்பது மெல்லிய உசுசாவுக்கா கெட்டியான கொய்சாவுக்கா என்றுதான். கொய்சாவுக்கு என்று விற்பது நான்கு கிராமை மிகக் குறைந்த தண்ணீரில் கூழ் போலக் குழைத்தாலும் துவர்க்காது, விலை அதிகம். தினசரிக்கு உசுசாவுக்கான நடுத்தர டப்பா போதும். நிறம் மங்கி மஞ்சள் தட்டினால் பழையது அல்லது மட்டம். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் இறங்கிவிடும்.

தனியாகக் குடித்தாலும் நான் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை திருப்பிவிட்டுத்தான் குடிக்கிறேன். கிண்ணத்தின் அழகான முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்று அந்த வழக்கம். எங்கள் ஆசிரியை அம்மா அதை ஒரு நாளும் விளக்கியதில்லை, செய்ய வைத்தார், அவ்வளவுதான். திருப்புகிற அந்த இரண்டு நொடியில் கையில் போன் இருக்க முடியாது. உங்கள் அலுவலக அக்கா மனசு அடங்கும் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சத்துக்கணக்கு எழுதியது:

நான் உணவியல் நிபுணர், கோவையில் மருத்துவமனையில் வேலை. மேலே அண்ணன் சொன்னது எல்லாம் அழகு, ஆனால் தங்கச்சி, உன் கேள்வியில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த 10.4 தான். அதை முதலில் பேசுவோம்.

தேநீரில் இருக்கிற பாலிஃபீனால்கள் பருப்பு, கீரை, தானியம் இவற்றில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. இறைச்சியில் இருக்கிற இரும்பை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் நீ சைவம், உனக்கு வருகிற இரும்பு முழுவதும் இந்த வகைதான். மட்சாவில் இலையையே முழுசாக விழுங்குகிறோம். இதைக் குடித்துக் கொஞ்ச நேரத்தில் காலை உணவும் அதன் பின்னாலேயே இரும்பு மாத்திரையும் என்றால், மாத்திரையின் பலனில் ஒரு பகுதியை நீயே தடுத்துக்கொள்கிறாய். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடு சேர்த்து டீயும் காபியும் குடிக்கிற பழக்கத்தை விடச் சொல்லி நான் தினமும் தொண்டை காயப் பேசுகிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் மட்சாவுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் விடு. மாத்திரையை மட்சாவிலிருந்து எட்ட வேறு வேளைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேள். மட்சாவை விடவே வேண்டும் என்பதில்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

137 மடங்கு என்பதன் கதை இது. 2003-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், மட்சாவிலிருந்து கிடைக்கிற ஈஜிசிஜி என்ற கேட்டச்சினை ஒரே ஒரு கடைத் தேநீரின் சாயத்தோடு ஒப்பிட்டபோது வந்த எண் அது. அதே கட்டுரையிலேயே, மற்ற கிரீன் டீக்களுக்கு அதுவரை பதிவான அதிகபட்ச அளவோடு ஒப்பிட்டால் மூன்று மடங்காவது இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விற்கிறவர்கள் 137-ஐ எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவிட்டார்கள். பந்தல் போட்டு வளர்ப்பதால் கேட்டச்சின் குறையும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். மட்சாவில் அதிகம் கிடைக்கக் காரணம் இலையைக் கொட்டாமல் குடிப்பதுதான்.

எடை குறையும் என்பதை எதிர்பார்க்காதே. கிரீன் டீ தயாரிப்புகள் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2012-இல் வந்தது, குறைகிற எடை மிகச் சின்னது, மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும் அளவு இல்லை என்றுதான் முடிவு. நம்பிக்கை தருகிற பெரிய ஆய்வு என்றால் ஜப்பானின் ஒசாகி ஆய்வு, 2006-இல் வெளியானது, 40,530 பேரை வருடக் கணக்கில் தொடர்ந்தார்கள். நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம் இறப்பு, முக்கியமாக இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்த இறப்பு, குறைவாக இருந்தது, பெண்களிடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் இறப்பில் அப்படி எந்த வித்தியாசமும் காணவில்லை. அதுவும் மக்களின் பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுதான், சோதனை அல்ல, தேநீரால்தான் அப்படி என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

படபடப்பு இல்லாதது நீ நினைத்துக்கொள்வது மட்டும் அல்ல. மட்சாவில் கிராமுக்கு ஏறக்குறைய 19 முதல் 44 மில்லிகிராம் காஃபின், ஆக ஒரு கிண்ணத்தில் 40-இலிருந்து 90-க்குள். நீ குடித்துக்கொண்டிருந்த நான்கு டம்ளர் கெட்டிக் காபியோடு பார்த்தால் மொத்தமே குறைந்துவிட்டது, முதல் காரணம் அதுதான். தியானினும் காஃபினும் சேர்ந்தால் கவனம் கூடுகிறது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் கொடுப்பது பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் தியானின், ஒரு கிண்ணத்தில் அவ்வளவு இருக்காது. அதனால் கொஞ்சம் உதவும் என்று வைத்துக்கொள். மத்தியானத்துக்கு மேல் குடிக்காதே, காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், தூக்கப் பிரச்சினை வேறு இருக்கிறது உனக்கு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்சா பழகும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், இலை முழுவதும் உள்ளே போவதால் வைட்டமின் கே கூடவே போகிறது. தைராய்டு மாத்திரையை மட்சாவோடு விழுங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்க எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபின்தான் எல்லை. கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி மாத்திரையாகப் போனால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இலேயே சொல்லிவிட்டது. கிண்ணத்தில் குடிப்பது வேறு, அது வேறு.

நுரைப்பிரியன் எழுதியது:

பால் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இரண்டு வருடமாகப் பால் சேர்த்துத்தான் குடிக்கிறேன். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன், கறுப்புத் தேநீரில் பால் சேர்த்தால் ரத்தக்குழாய் விரிகிற பலன் போய்விடுகிறது என்று 2007-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது, அதற்கு எதிராகவும் ஆய்வுகள் வந்தன. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை, பால் இல்லாமல் என்னால் குடிக்க முடியாது, குடிக்காமல் விடுவதற்குப் பாலோடு குடிப்பது மேல். ஆனால் ஒரு தப்பு செய்தேன், அதை நீங்கள் செய்யாதீர்கள். ஆறு மாதம் ஒரு கடையில் "மட்சா லாத்தே பொடி" என்று வாங்கிக் கலக்கிக் குடித்தேன், பாக்கெட்டின் பின்னால் படித்தால் முதல் பொருளே சர்க்கரை, மட்சா நான்காவதாக நிற்கிறது. இப்போது மட்சாவைத் தனியாக வாங்கி, முதலில் கொஞ்சம் வெந்நீரில் அடித்துக்கொண்டு, அதன் மேல் சூடான பாலை ஊற்றுகிறேன். சர்க்கரை இல்லாமலேயே நன்றாக இருக்கிறது.

செஞ்சாவீடு எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. நான் ஷிசுவோகாவில் எட்டு வருடம் இருந்தேன். அங்கே பக்கத்து வீட்டுத் தாத்தா, பாட்டி யாரும் தினமும் மட்சா குடித்ததில்லை. கெண்டியில் செஞ்சா, அதாவது பொடிக்காத சாதாரண கிரீன் டீ இலை, போட்டுக் காலையிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், இரவு வறுத்த இலையில் போடும் ஹொஜிசா. சத்துக்கணக்கு அக்கா சொன்ன அந்த ஒசாகி ஆய்வில் கேட்டதும் பொதுவாக கிரீன் டீயைப் பற்றித்தான், மட்சாவைப் பிரித்து ஆராயவில்லை. ஆரோக்கியத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு விலை கொடுக்கவே தேவையில்லை. 2024 இலையுதிர் காலத்திலிருந்து மட்சாவுக்கு என்ன தட்டுப்பாடு வந்தது என்று ஜப்பானில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய கடைகளில் ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று எழுதிப் போட்டார்கள். உலகம் முழுக்க ஐஸ்கிரீமிலும் லாத்தேயிலும் கொட்டுவதால், வருடக் கணக்கில் தேநீர் முறை கற்கிறவர்கள் தங்கள் பயிற்சிக்கு டப்பா கிடைக்காமல் நின்றார்கள். எனக்கு அது வலித்தது. அந்தப் பரிசு டப்பாவை அருமையாகக் குடித்து முடியுங்கள், அப்புறம் தினசரிக்குச் செஞ்சாவும், மட்சா ஞாயிற்றுக்கிழமைக்கும் வைத்துக்கொள்ளலாமே.

உஜிப்பாலம் எழுதியது:

செஞ்சாவீடு சொல்வதில் நியாயம் இருக்கிறது, சத்துக்காக மட்டும் என்றால் நானும் செஞ்சாதான் சொல்வேன். ஆனால் பழக்கம் என்று பார்த்தால் எனக்கு வேறு மாதிரி படுகிறது. எய்சாய் என்ற துறவி 1191-இல் சீனாவிலிருந்து தேயிலை விதையோடும் பொடித் தேநீர் முறையோடும் திரும்பியபோதும் மருந்தாகத்தான் அதைச் சொன்னார். 1214-இல் குடித்துவிட்டுத் தலைவலியில் கிடந்த, நாட்டின் ராணுவ ஆட்சியாளரான ஷோகன் சானெதொமோவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, தேநீரின் குணத்தை எழுதிய நூலையும் கூடவே கொடுத்தார். அப்படி மருந்தாக வந்த பொருளை, மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ இரண்டு பாய் விரித்த அறைக்குள் கொண்டுபோய், தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்க வைத்தார். செஞ்சாவைக் கெண்டியில் போட்டுவிட்டு நான் வேறு வேலை பார்க்கிறேன். மட்சாவை அப்படி விட முடியாது, அடித்து முடிக்கும் வரை இரண்டு கையும் அங்கேயே இருக்க வேண்டும், உடனே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி அடியில் படிந்துவிடும். எனக்குத் தினமும் வேண்டியிருப்பது அந்தப் பத்து நிமிடம். தட்டுப்பாடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதற்காகத் தினமும் இரண்டு கிராம் பொடியைச் சிந்தாமல் குடிக்கிற ஆள் விலக வேண்டியதில்லை.

யோடோகரை எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் கேட்டேன், மாத்திரையை இரவுக்கு மாற்றிவிட்டார். காலை ஆறரைக்கு இட்லியோ தோசையோ முடித்துவிடுகிறேன், எட்டு மணிக்கு மட்சா, அதற்கு முன்னால் ஊரிலிருந்து வந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் பாதித் துண்டு. சலித்த முதல் நாளே கட்டி போய்விட்டது, கொதிநீரை நிறுத்தியதும் கசப்பும் பாதியாகிவிட்டது. குமட்டல் சுத்தமாக இல்லை. காபி இப்போது ஒரே ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், சத்துக்கணக்கு அக்கா திட்டாதீர்கள். பன்னிரண்டுக்கு முன்னாலேயே தூங்கிவிடுகிறேன். ஹீமோகுளோபின் ஜூலையில் மறுபடி பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு உஜி போயிருந்தேன். பாலத்துப் பக்கம் இறங்கி நடந்தாலே இலை வறுக்கிற வாசனை. கறுப்புத் துணிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், மதியம் ஒரு மணிக்கு உள்ளே சாயங்காலம் போல இருட்டு. அந்த அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கடலைமிட்டாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார், ஒரு பாக்கெட் தபாலில் போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். மத்தின் பற்கள் முதலில் உள்ளே சுருண்டு அழகாக இருந்தன, இப்போது நேராகி விரிந்துவிட்டன, இரண்டு பல் ஒடிந்தும் இருக்கின்றன. நான் ஏதாவது தவறு செய்கிறேனா? அவர் கொடுத்தது என்பதால் கெட்டுப்போகக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

உஜிப்பாலம் எழுதியது:

ஒன்றும் தவறில்லை, மூங்கில் அப்படித்தான் விரியும். சோப்பு போடாமல் வெந்நீரில் இரண்டு முறை அடித்துக் கழுவி, குசெனாஓஷி என்று பீங்கானில் ஒரு சின்னத் தாங்கி விற்பார்கள், அதன் மேல் கவிழ்த்து வையுங்கள், பல் தன் உருவத்துக்குத் திரும்பும். டப்பாவுக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இன்னும் நாலைந்து பல் ஒடிந்த பிறகு நாரா பக்கம் தகாயாமாவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள், மத்து செய்கிற ஊரே அதுதான், ஒரே மூங்கில் துண்டைக் கத்தியால் கீறிக் கீறி எண்பது பல் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிண்ணத்தோடு சேர்த்து அந்தத் துணியிலேயே முடிந்து வையுங்கள்.